அத்தை கேட்ட வசதி

தேர்தல் முடிந்த வாரம், குருபோங் அடுக்குமாடியில் அத்தை வீட்டு டிவியில் புது அரசாங்கத்தின் வீட்டுத் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று அறை, குறைந்த வாடகை, எஸ்டேட்டை விட்டு வந்தவர்களுக்கு முதலிடம்.

"இந்தத் தடவ செய்வாங்க லா," என்றான் அத்தை மகன். ஜெயித்த கட்சிக்கு ஓட்டுப் போட்டவன்.

"போன தடவயும் இதேதான் சொன்னாங்க," என்றேன். வேலை முடித்து வந்த களைப்பு. எவன் வாக்குக் கொடுத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இருவரும் தொண்டை கட்டும்வரை கத்தினோம்.

தேத்தண்ணியை வைத்துவிட்டு அத்தை கேட்டார்: "புது பிளாட்டு லிப்டுல ஆளப் படுக்க வச்சு எறக்க முடியுமாப்பா?"

தரையோடு வரிசையாக இருக்கும் எஸ்டேட் லயத்து வீட்டில் இறந்தவரைப் படுத்தவாக்கிலேயே வாசலுக்குக் கொண்டுவந்துவிடலாம். போன வருஷம் இந்த ஏழாவது மாடியில் மாமா இறந்தபோது, சவப்பெட்டி லிப்டுக்குள் நுழையவில்லை. படிக்கட்டு வளைவிலும் திரும்பாது என்றார்கள். கடைசியில் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் கட்டி, லிப்டில் இறக்கினோம். அத்தை மகன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். தலை சாயாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு மாடியில் லிப்ட் நின்று கதவு திறந்தது. காய்கறி நிரம்பிய பாசார் பையோடு நின்ற பெண் மாமாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்ப ஒடம்பு பரவால்லையா அங்கிள்?"