டப்பா மாவு அடை

யுத்த காலம். பம்பாய் மாதுங்காவில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். என் முதல் பெண்ணுக்கு மூன்று மாதம். டைபாய்டு வந்து நான் எழுந்தபோது எனக்குப் பால் பாதியாக வற்றியிருந்தது. தபேலா என்கிற மாட்டுக் கொட்டிலிலிருந்து வரும் எருமைப் பால் கொடுத்தால் வாந்தி. பசும்பால் கொடுத்தால் உடம்பெல்லாம் தடிப்பு. சொறிந்து சொறிந்து அது அழும், தூக்கிக்கொண்டு நானும் அழுவேன். வேறென்ன தெரியும் எனக்கு?

டாக்டர் ஒரு டப்பா எழுதிக் கொடுத்தார். பாலே இல்லையாம், சோயா மொச்சையை அரைத்த மாவாம். பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு அதைத்தான் கரைத்துக் கொடுப்பார்களாம். என் கணவர் ஆபீஸில் யார் யாரையோ பிடித்து இரண்டு டப்பா வாங்கி வந்தார். நாலாம் நாள் குழந்தையின் உதடும் கண்ணும் வீங்கின. மலத்தோடு துணியில் ரத்தம்.

"சில குழந்தைக்கு இதுவும் சேராதும்மா. உடனே நிறுத்துங்கோ. தாய்ப்பால் யார்கிட்டயாவது கிடைக்குமா பாருங்கோ" என்றார் டாக்டர். குழந்தையின் விலா எலும்பை அன்று நான் எண்ணியிருக்கலாம்.

அப்படித்தான் தாராவியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கம். புருஷனுக்குத் தோல் பட்டறையில் வேலை. அவளுடைய மூன்றாவது பிள்ளைக்கு ஒரு வயது நிறையவில்லை. காலையில் வந்து சாயங்காலம் வரை இருந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுப்பாள். எங்கள் சமையலறைக்குள் அவளை விட்டதில்லை. பின்பக்கத்து பால்கனியில் உட்காருவாள். ஒரே வாரத்தில் என் குழந்தையின் தோல் ஆறியது. ஒரு தடவை சிரிக்கவும் சிரித்தது.

எனக்கு நல்ல புத்தி தங்கவில்லை. மீதி ஒன்றரை டப்பா மாவு அலமாரியில் கிடந்தது. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில் மாவைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? அரிசி மாவும் மிளகாயும் சேர்த்து அடையாகத் தட்டினேன். நான் பத்தியம். வாய்க்கும் வயிற்றுக்கும் சண்டையாக, மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்தான் எனக்கு. அடையை அவளுக்குக் கொடுத்தேன். பால் கொடுக்கிறவள், தெம்பாக இருக்கட்டும் என்று தினமும் மூன்று அடை. தாராளமாகத்தான் இருந்தேன், அதில் குறைவில்லை.

தடிப்பு திரும்பி வந்தது. துணியில் மறுபடி ரத்தம்.

"வெளியில என்னத்தைத் தின்னுட்டு வந்து கொடுக்கறே? கருவாடா?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "காலைல பழைய கஞ்சிதாம்மா. பொறவு நீங்க குடுக்கதத்தான திங்கேன்."

"நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்றேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். திட்டியிருந்தாலாவது எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அரிசிக் கஞ்சித் தண்ணீரும் என் சொட்டுப் பாலுமாக ஐந்து நாள் ஓட்டினேன். தடிப்பு அடங்கியது, ஆனால் குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் பசி காதை அடைத்தது. பத்தியமாவது ஒன்றாவது என்று கடைசி மாவைத் தட்டி நானே இரண்டு அடை சாப்பிட்டேன். அன்று சாயங்காலம் என்னிடம் குடித்த குழந்தைக்கு மறுநாள் விடிவதற்குள் உதடு வீங்கிவிட்டது.

அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தாய் தின்பது பாலில் இறங்கும் என்றுதானே எனக்குக் கத்தரிக்காய் கிடையாது, பருப்பு கிடையாது, பூசணி கிடையாது என்று மாசக்கணக்காக வாயைக் கட்டினார்கள்? அந்தப் பத்தியம் அவளுக்கும் உண்டு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. குழந்தைக்கு ஆகாத மாவை என் கையாலேயே தட்டி அவளுக்குப் போட்டுவிட்டு, அவள் வீட்டுச் சோற்றைப் பழித்தேன்.

"ஏன்னா, வாங்கோ, தாராவிக்குப் போகணும்" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவள் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். "தப்பு என்னோடதுதான். அந்த அடைதான்" என்றேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். அது குடித்து முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு வாரேன். எனக்குத் திங்க ஒண்ணும் குடுக்க வேண்டாம். எங்க வீட்டுச் சோத்தைக் கொண்டாந்துருதேன்."

அவள் ஏழு மாதம் வந்தாள். மத்தியானத்தில் பால்கனியில் தூக்குச் சட்டியைத் திறப்பாள். கருவாட்டுக் குழம்பு வாசனை வீடு முழுக்கப் பரவும். பக்கத்து வீட்டு மாமி ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். நான் சாத்தவில்லை. அந்தச் சோற்றில்தான் என் பெண் பிழைத்தாள்.