பூத்துண்டு விரித்த நாற்காலி

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு அப்பா, அம்மா, நான், அக்காவின் மாமனார் எல்லோரும் இருந்தோம். அத்தான் மட்டும் இல்லை, கப்பலில் இருந்தார். பந்தலில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை உருவிய அப்பா, உட்காருமுன் அதைக் கவிழ்த்துப் போட்டு அமுக்கிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே, சுடுகம்பி பட்டுப் பிளாஸ்டிக் கருகுகிற ஒரு பழைய வாடையும்.

அக்காவைப் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் அடித்த வாடை அது. சீதனப் பேச்சில் ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இந்த இடத்தையாவது முடிக்க வேண்டும், கேட்டால் மீன்பிடி வள்ளத்தை விற்றுக் கொடுத்துவிடுவது என்று அப்பா இருந்தார்.

விசேஷம் என்றால் எங்கள் தெருவில் நாற்காலி இரவல் வாங்குவதுதான் வழக்கம். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டில் ஒவ்வொன்றின் அடியிலும் வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்து இருக்கும். ஏழு கிடைத்தது. எட்டாவது எங்களுடையது. கடற்கரை வெயிலில் கிடந்து, உட்காரும் இடத்தில் விரிசல் விட்டிருந்தது. மர நாற்காலி என்றால் ஆசாரியிடம் போகலாம். இது ஒரே வார்ப்பில் வந்த சாமான். ஆணியும் இல்லை, மூட்டும் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் கிழிந்த வலையைத் தைப்பது. கம்பியைச் சுடவைத்து விரிசலின் இருபுறமும் நெருக்கமாக ஓட்டை போட்டு, நைலான் நூலால் இழுத்துத் தைத்துவிட்டார்.

"ஏலே, தாங்குமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. பென்சிலும் தாளும் எடுத்துக் கணக்குப் போட்டு, எடை எல்லா ஓட்டைக்கும் பங்கு பிரிந்துவிடும், தாங்கும் என்று சான்றிதழ் கொடுத்தேன். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். மறுத்துச் சொல்ல ஆளில்லை. ஆனாலும் எதற்கும் அதில் நானே உட்காருவது என்று ஏற்பாடு.

தையல் தெரியக் கூடாதென்று அம்மா மேலே ஒரு பூத்துண்டை விரித்தாள். அதுதான் வினை. மறுநாள் வந்த மாப்பிள்ளையின் அப்பா நல்ல கனத்த உடம்பு. துண்டு விரித்திருப்பது தனக்குத்தான் என்று நினைத்து நேரே அதில் போய் உட்கார்ந்தார். தபால்தலை கிழிவதுபோல ஓட்டை வரிசையோடு பிளந்தது. ஆள் தரையில்.

உள்ளே அக்கா சிரித்தது கேட்டது. அவர் எழுந்திருக்காமல், உடைந்த பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்துத் தையலைத் தடவிப் பார்த்தார். அவரும் கடலுக்குப் போகிறவர்தான்.

"யாரு வே தச்சது?"

"நாந்தான்" என்றார் அப்பா. "வீட்ல சொந்தச் சேருன்னு இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் தெருவுல எரவல்."

"ஓட்டைய இப்படி நெருக்கிட்டீரே. வலைன்னா இழுத்தா நெகிழும். இது எங்கன நெகிழும்?" என்றவர், கையை ஊன்றி எழுந்துகொண்டே சொன்னார்: "எங்க வீட்டுக்கு வந்தாலும் எரவல் சேர்லதான் உக்காருவீரு."

காப்பி குடித்தபின் அப்பா தயங்கித் தயங்கி வள்ளத்தை விற்கும் பேச்சை எடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா முடிக்க விடவில்லை.

"வள்ளத்த வித்துட்டு என்ன செய்வீரு? உக்காந்தா ஒடையாத சேரு ஒண்ணு வாங்கித் தாரும், போதும்."

வேடிக்கை என்றுதான் நினைத்தோம். கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்த நாள்வரை அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

இப்போது நாற்காலிகள் வாடகைக் கடையிலிருந்து லோடு ஆட்டோவில் வந்து இறங்குகின்றன. அடியில் பெயிண்ட் எழுத்து கிடையாது. இரவல் கேட்டு வாசல் வாசலாக ஏறுவதும் போய்விட்டது; எந்த வீட்டில் எத்தனை நாற்காலி என்று யாருக்கும் தெரியாது. போனதில் எனக்குப் பாதி வருத்தம்தான். அன்று உடைந்த நாற்காலியோடு எங்கள் இரண்டு வீட்டிலும் சீதனப் பேச்சும் அல்லவா போய்விட்டது.

அன்று, கல்யாணத்துக்கு முன், அப்பாவும் நானும் கடையில் இருந்த நாற்காலி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, எழுந்து, கைப்பிடி வைத்த ஒன்றை எடுத்தோம். கடைக்காரர் நானூறு சொன்னார். அக்கா கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த சீதனம், பேரம் போக, முந்நூற்று எண்பது ரூபாய்.