இறங்கிய நேரம்

என்டர் விசையைத் தட்டுவதற்கு முன்னால் மிண்டா இடது கையைத் தாழ்வாக முன்னே நீட்டி, "தபி-தபி" என்று முணுமுணுப்பாள். ஆலமரம் போல விழுது விடும் பாலேட்டே மரத்தடியில் நடக்கிறவர்கள் அங்கே குடியிருக்கும், கண்ணில் படாதவர்களிடம் சொல்லும் வார்த்தை அது. கொஞ்சம் ஒதுங்குங்க, போய்க்கறேன் என்று அர்த்தம். மரத்தடியில் சொன்னால் சரி. ஏசி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு கணினியிடம் சொல்பவளை இலோய்லோ துறைமுக அலுவலகத்தில்தான் பார்க்கலாம். அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் தாங்களும் ஒரு தரம் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு.

முழுப்பெயர் லுஸ்மிண்டா பக்லிபார். ஐம்பதைத் தாண்டியவள். தீவுக்குத் தீவு பயணிக் கப்பல் விடும் கம்பெனியொன்றில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது வேலை. வருஷம் முழுக்க ஒரே பச்சை ஸ்வெட்டர்தான். ஏசிக் காற்று நேராக உச்சந்தலையில் விழும் இடத்தை வேண்டுமென்றே கேட்டு வாங்கிக்கொண்டவள். "தூக்கம் கிட்ட வராது பாரு" என்பது அவள் கட்சி. இழுப்பறையில் எந்நேரமும் மொறுமொறு பிஸ்கோச்சோ ரொட்டிப் பொட்டலம் ஒன்று இருக்கும். கேட்டால் ஒன்று தருவாள். இன்னொன்று கேட்டால் கடைக்கு வழி சொல்லி அனுப்புவாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சாவு வீட்டுக்குப் போனவர்கள் நேரே வீடு திரும்பமாட்டார்கள். எங்காவது ஒரு கடையில் நின்று எதையாவது வாயில் போட்டுக்கொண்டுதான் போவார்கள். செத்தவர் கூடவே வீடு வரை வந்துவிடக்கூடாதே. அதற்குப் பக்பக் என்று பெயர். ஊர் முழுக்கச் செய்வதுதான். மிண்டா மட்டும் ஒரு பழைய கணினியை அணைத்துவிட்டு வந்தாலும் பக்பக் செய்வாள். லா பாஸ் சந்தையில் ஆவி பறக்கும் பாட்சோய் ஒரு கிண்ணம் வாங்கி, நூடுல்ஸை மிச்சம் வைக்காமல் தின்று, சூப்பைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டுத்தான் ஜீப்னி ஏறுவாள். "இத்தனை வருஷம் உக்காந்த இடத்துலேர்ந்து நம்மளையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அணைச்சதும் அது எங்க போகும்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்பாள்.

இந்த வருஷம் கம்பெனி அந்தப் பழைய டேட்டாபேஸைக் கைவிட்டுப் புதியதற்கு மாறுவதென்று முடிவு செய்தது. அப்படியே மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போய் இறக்கும் காரியமில்லை. பழையதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு சேதியாக மாறி, ஒரு ஓடையில் விழுந்து, மறுகரையில் காத்திருக்கும் புது புரோகிராம்களிடம் போய்ச் சேரவேண்டும். ஓடை எங்கே போய் முட்டும், அந்த இடத்துக்கு என்ன முகவரி, என்ன கடவுச்சொல், சேதி எந்த வடிவத்தில் இருக்கும் என்றெல்லாம் முன்கூட்டி எழுதிவைப்பதை எண்ட்பாயிண்ட் என்பார்கள். கப்பல்காரர்களோடு காலம் தள்ளிய மிண்டா அதைப் 'பந்தாலன்' என்பாள். படகுத்துறை. துறை சரியாக இல்லாவிட்டால் ஏறினவன் இறங்கமாட்டான், அவ்வளவுதான் என்பாள்.

துறையை அமைக்கும்போது ஓடையை நடத்தும் மென்பொருள் வரிசையாகக் கேள்விகள் கேட்கும். காலியாக இருக்கும் கட்டங்களையும் சேதியில் சேர்த்து அனுப்பவா என்பது ஒன்று. சேதி கனக்குமே என்று எல்லாரும் வேண்டாம் என்றுதான் போடுவார்கள். மிண்டா வேண்டும் என்றே போடுவாள். "காலியா இருக்கறதும் ஒரு சேதிதான்" என்பாள்.

அந்தத் தொழிலில் அவளுக்கு ஆகாத வார்த்தை ஒன்று உண்டு. ஓடை திறந்த பிறகு பழையதில் ஒரு வரியை அழித்தால், அழிந்ததைத் தெரிவிக்க ஒரு சேதி போகும். மேலே அடையாளம் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இந்த வேலையில் இருக்கிறவர்கள் அதைக் கல்லறைக்கல் என்பார்கள். பெயர் வைத்தவன் விளையாட்டாக வைத்திருப்பான். அவன் வீட்டில் கடலோடு போனவர் யாரும் இருந்திருக்கமாட்டார். மிண்டா அந்தச் சொல்லை உச்சரிக்கமாட்டாள். "அது" என்று கையைக் காட்டுவதோடு சரி.

அதற்குக் காரணம் 'ரெய்னா லியோனோரா'. குயோ தீவுக்குப் போகும் வழியில், தெளிந்த வானம் திடீரென்று கறுத்த ஒரு நாளில், பயணிகளோடு முழுகிப்போன கப்பல். கரைக்கு ஒரு சட்டைகூட ஒதுங்கவில்லை. டிக்கெட் புரோகிராமை இளவயதில் எழுதியவளே மிண்டாதான். பயணிக்கு அதில் இரண்டே நிலைகள்: ஏறியாச்சு, இறங்கியாச்சு. கப்பல் போய்ச் சேர்ந்த ஊரில் ஒருவர் பொத்தானை அழுத்தினால் இறங்கிய நேரம் பதிவாகும். நடுவழியில் நின்றுபோனால் என்ன என்று மூன்றாவதாக ஒரு நிலை எழுத அவளுக்குத் தோன்றவில்லை. கப்பல் விடுகிற எந்தக் கம்பெனி அதைக் கேட்டு வாங்கும்? ஆகவே பொத்தானை அழுத்த யாரும் இல்லாமல், அந்தக் கப்பல் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. கடலில் இருக்கும் கப்பல்களின் பட்டியலில் தினமும் அதன் பெயர்தான் முதலில் நிற்கும். டிக்கெட் கொடுக்கும் பெண்கள் அந்த வரி வந்ததும் நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போவார்கள். அழிக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

அதில் கடைசியாக ஏறியவன் இசிட்ரோ பக்லிபார். ஜெனரேட்டர் பழுது பார்ப்பவன், மிண்டாவின் புருஷன். எங்கே போனாலும் கடைசி ஆள். அன்றைக்கும் துறையில் வறுத்த கடலை வாங்க நின்று, கயிறு அவிழ்க்கிற நேரத்தில்தான் ஓடிப்போய் ஏறினான். தொடர்புக்கு என்ற இடத்தில் மிண்டாவின் செல்போன் எண் இருக்கிறது. அந்த எண்ணை அவள் இன்றுவரை மாற்றவில்லை. மற்ற குடும்பத்தார் அவரவர் ஆளின் பெயரில் கல் நட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, அழுது முடித்துவிட்டார்கள். அவள் நடவில்லை. ஏன் என்று கேட்ட மாமியாருக்கும் பிடி கொடுக்கவில்லை.

மாற்றும் வேலைக்குத் தோதான நாளைப் புயல் கொண்டுவந்து கொடுத்தது. வானிலை நிலையம் இரண்டாம் எச்சரிக்கை ஏற்ற, கடலோரக் காவல் படை எல்லாக் கப்பல்களையும் கரையில் கட்டச் சொல்லிவிட்டது. பயணிகள் இல்லை. மழை ஜன்னல் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது. அறையில் இரண்டே பேர். இன்னொருத்தி ஷாரிஸ், செபுவிலிருந்து புதிதாக வந்தவள், மறுகரையின் புரோகிராமை எழுதியவள். ஏறியாச்சு என்று ஒரு சேதி வந்தால் அது அந்தக் குடும்பத்தின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். இறங்கியாச்சு என்று வந்தாலும் அனுப்பும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவளுக்கு மிண்டா மனாங், அதாவது அக்கா; மிண்டாவுக்கு அவள் இந்தை, சின்னப் பொண்ணு.

முடிந்துபோன பயணங்களெல்லாம் காலையிலேயே சத்தமில்லாமல் ஓடையில் போய்விட்டன. முடியாத பயணங்கள் மட்டும் பாக்கி. அன்றைக்கு எந்தக் கப்பலும் கடலில் இல்லாததால் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

"மனாங், ஒரு கப்பலும் போகாத நாள்ல ஒண்ணு மட்டும் கடல்ல இருக்கே," என்றாள் ஷாரிஸ். ஏதோ பழைய குப்பை, சோதித்துப் பார்க்க வசதியாகப் போயிற்று என்று நினைத்திருக்கிறாள். அந்தக் கப்பலில் கடைசியாக ஏறியவரின் வரியை மட்டும் எடுத்து ஓடையில் விட்டாள். சோதனைக்கென்று வைத்திருந்த செல்போன் எண்ணைப் போட மறந்துவிட்டாள்.

மிண்டாவின் செல்போன் மேஜைமேல் நடுங்கியது. இசிட்ரோ பக்லிபார் கப்பலில் ஏறிவிட்டார், வந்து சேர்ந்ததும் தெரிவிக்கிறோம் என்றிருந்தது. அவள் அதைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் படித்தாள். பிறகு செல்போனை அப்படியே ஷாரிஸ் பக்கம் நகர்த்திவைத்து, அந்தக் கப்பல் எது, அந்தப் பெயர் யாருடையது என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். குயிமராஸில் மாம்பழம் விற்கும் தியா கொன்சிங்கின் மகனும் அதே கப்பலில்தான் போனான். இப்படியொரு சேதி அந்தக் கிழவியின் செல்போனுக்குப் போனால் அவள் உயிர் தாங்காது.

தொலைபேசியில் கிடைத்த மேலாளர் கிரிஸ் சாருக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. மொத்தமாக அழித்துவிட்டு வேலையை முடியுங்கள், இருட்டுவதற்குள் பழைய மெஷினை உடைக்கக் கொண்டுபோக ஆள் வருகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"அழிச்சிடலாமா மனாங்? யாருக்கும் மெசேஜ் போகாது."

"ஓடை தொறந்து கெடக்கு இந்தை. அழிச்சா ஒவ்வொருத்தர் பேர்லயும் அது போகும். இத்தனை வருஷம் நான் நடாத கல்லை இப்ப என் கையால நடச் சொல்றியா?"

"அப்ப இறங்கியாச்சுன்னு போட்டுடலாமா?"

"வந்து சேந்துட்டாங்கன்னு எல்லார் வீட்டுக்கும் போகுமே."

அந்த வரிகளை அங்கேயே விட்டுவிட்டால் மெஷினோடு சேர்த்து உடைத்துவிடுவார்கள். இன்னொரு தரம் முழுக விடுவதுதான் அது. மிண்டா அந்த ஒரு கப்பலுக்காகத் தனியாக ஒரு துறை அமைக்க ஆரம்பித்தாள்.

புதிய முகவரி, புதிய பெயர். காலிக் கட்டங்களையும் அனுப்பு என்றாள். எந்த புரோகிராமும் இந்தத் துறையைக் கேட்கவேண்டாம் என்று எழுதினாள். வரும் சேதியை எத்தனை காலம் வைத்திருக்க என்ற கேள்விக்கு, எல்லை இல்லை என்று போட்டாள். இத்தனை வருஷ வேலையில் அவள் இதற்கு முன் யாருக்கும் அப்படிப் போட்டதில்லை. துறை வேலை செய்கிறதா என்று பார்க்க ஷாரிஸ் தன் சோதனைப் புரோகிராமை ஒரு தரம் இணைத்துப் பார்த்து, பிறகு துண்டித்தாள். துறையைக் கேட்பவர்களின் பட்டியலில் அதன் பெயர் மட்டும் பாக்கி நின்றது. மிண்டா இடது கையைத் தாழ்வாக நீட்டி, "தபி-தபி" என்றாள். ரெய்னா லியோனோராவின் பயணிகள் ஒருவர் பின் ஒருவராக ஓடையில் போய்ப் புதுத் துறையில் நின்றார்கள். ஒருவருக்கும் இறங்கிய நேரம் இல்லை. எந்த வீட்டிலும் எந்த செல்போனும் நடுங்கவில்லை.

திரையின் ஓரத்தில் ஒரு எண் இருக்கும். வந்துசேர்ந்து இன்னும் யாராலும் படிக்கப்படாத சேதிகள் எத்தனை என்று காட்டுவது. கேட்க ஆளில்லாத துறையில் அது அசையக்கூடாது. மிண்டா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒன்று குறைந்தது.

ஷாரிஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, துறையில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடினாள். எண் இன்னொன்று குறைந்தது. குடை மடக்கி, கைப்பிடியைப் பிடித்து, பலகையில் கால் வைத்து ஆட்கள் இறங்கும் வேகம்தான். அவசரமில்லை.

"என் புரோகிராம் பேரு மட்டும்தான் இருக்கு மனாங்," என்றாள் ஷாரிஸ். "ஆள் இல்ல."

மழை ஓய்ந்து காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கட்டிப்போட்ட கப்பல்கள் ஒன்றோடொன்று உரசி முனகின. எண் குறைந்து குறைந்து ஒன்றில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. கடைசி ஆள் எப்போதும் தாமதம்தான். மிண்டா இழுப்பறையைத் திறந்து மூடினாள், ஸ்வெட்டரின் பொத்தான்களைப் போட்டாள், ஒன்றும் நடக்காதது மாதிரி தலையை வாரிக்கொண்டாள். அவள் சீப்பைக் கைப்பைக்குள் வைத்தபோது அந்த எண் பூஜ்யமாயிற்று.

பழைய மெஷினை அவளே அணைத்தாள். ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஷாரிஸ் குடையை விரித்து, வாங்க மனாங், லா பாஸ் போய்ப் பாட்சோய் சாப்பிட்டுட்டுப் போகலாம் என்று அழைத்தாள். இன்றைக்குத் தனியாக வீட்டுக்குப் போக அவளுக்குத் தைரியம் இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. நீ போய்ச் சாப்பிடு, நல்லா சூடா குடி என்று சொல்லிவிட்டு மிண்டா ஜீப்னி ஏறினாள். பக்கத்து இருக்கையில் கைப்பையை வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

மோலோவில் இறங்கி, எந்தக் கடையிலும் நிற்காமல் நேரே வீட்டுக்கு நடந்தாள். பூட்டைத் திறந்து கதவை விரியத் தள்ளினாள். உள்ளே போகவில்லை. சுவரோரமாக ஒதுங்கி, ஒரு ஆள் தாராளமாக நுழைந்து போகிற அளவுக்கு வழி விட்டு நின்றாள். பிறகு தானும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.