சத்தம் நுழையாத கார்

காஹாங் சாலையோர டுரியான் பழக் கடை. நண்பர் செல்வம் தன் புதுக் காரை நிறுத்துகிறார். சிறிய சொகுசு எஸ்யூவி. பெருமை தாங்காமல் கடைக்கார அக்காவை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்துகிறார். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று அலறிக்கொண்டு போகிறது. அக்கா தோல் இருக்கையைத் தடவுகிறார், கதவோர ரப்பரை அழுத்திப் பார்க்கிறார், இறங்குகிறார்.

"நல்லா இறுக்கமா செஞ்சிருக்காங்க லா. லாரி சத்தமே உள்ள வரல. அப்ப டுரியான் வாசமும் வெளிய போகாதுண்ணே. இங்கயே சாப்பிட்டுட்டுப் போங்க."

செல்வம் உடனே ஒப்புக்கொள்கிறார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து ஆளுக்கொரு பழத்தைத் தீர்க்கிறோம்.

கார் கிளம்பியதுமே எனக்கு ஏப்பம் வருகிறது. செல்வம் நான்கு கண்ணாடிகளையும் இறக்குகிறார். குளுவாங் வரை லாரிச் சத்தத்தோடுதான் போகிறோம்.