செலினின் பெயரை எடுங்கள்

செலின் இறந்த செய்தி எங்கள் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஷார்ஜா மருத்துவமனையில், மாரடைப்பு. அதன் கீழேயே மேலாளர் எழுதியிருந்தார்: "தோஹா தொழிலாளர் குடியிருப்புக்கு செலின் நிர்ணயித்த மின்சார இலக்கே அவருக்கு நினைவுச் சின்னம்." காபியை அப்படியே வைத்துவிட்டேன். துபாயில் அந்த அலுவலகத்தின் அறிக்கைகளைத் திருத்துவது என் வேலையாக இருந்தது. அவளை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவதும் ஒரு திருத்தம்தான்.

செலின் தூத்துக்குடிக்காரி, பொறியாளர். எழும்பாத கட்டிடத்தைக் கணினியில் எழுப்பி, அது ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் தின்னலாம் என்று இலக்கு வைப்பாள். எந்த நேரத்தில் எந்த அறையில் ஆள் இருப்பார்கள் என்று மென்பொருளுக்கு முதலில் சொல்ல வேண்டும். குடியிருப்பு என்றால் அதில் ஆயத்தமாக ஓர் அட்டவணை உண்டு. காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். மாலை வரை அறை காலி, ஏசி தேவையில்லை.

அவள் அதை நம்பவில்லை. தோஹா தொழில்பேட்டைக்குப் போய், புதிய குடியிருப்புக்கு வரப்போகிற தொழிலாளர்கள் அப்போது தங்கியிருந்த கேம்ப்பைப் பார்த்துவிட்டு, பையைக்கூட இறக்காமல் என் மேசைக்கு வந்தாள். "எங்க மேடம் காலியாவுது? நைட் டூட்டிக்காரன் வந்து படுக்கான். ஜன்னல்ல அட்டைய ஒட்டி இருட்டாக்கி வச்சிருக்கான்."

அட்டவணையை மாற்றினாள். இலக்கு உயர்ந்தது. மேலாளருக்குப் பிடிக்கவில்லை.

"கிளையண்ட் குறைஞ்ச நம்பர்தாம்மா கேக்கறான். நீ இன்ஜினியரா, கேம்ப்ப மேய்க்கிற கேம்ப் பாஸா?"

"கேம்ப் பாஸாவது ஆள எண்ணுவான், சார்."

"பழசையே போடு. கலாஸ், முடிஞ்சுது."

அவள் போடவில்லை. வேறொருவர் போட்டார். "என் பேர எடுத்துருங்க மேடம்" என்று என்னிடம் சொன்னாள். எடுத்தேன். அறிக்கை அச்சாகி வந்தபோது அந்தப் பெயர் மறுபடி இருந்தது. தட்டிக்கேட்ட செலினுக்கு அதன்பின் வாகன நிறுத்தக் கட்டிடங்கள் மட்டுமே கிடைத்தன. "காருக்கு வேர்க்காதுல்லா மேடம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குடியிருப்பு திறந்தது. இலக்கைத் தாண்டக் கூடாதென்று பகலில் ஏசியை நிறுத்தினார்கள். கோடைதோறும் அங்குள்ள தன் ஊர்க்காரர்களிடம் செலின் போனில் விசாரிப்பாள். "ஈரத் துண்டப் போத்திக்கிட்டுத் தரையில கெடக்கானுவ மேடம்." கோடைதோறும் மேலாளருக்கு எழுதினாள். பதில் இல்லை. இலக்கை எட்டியதற்கு வந்த கேடயம் அலுவலக வரவேற்பறையில், நல்ல குளிரில், நிற்கிறது.

மேலாளரின் இரங்கலுக்குக் கீழே குழுவில் நான் எழுதினேன்: "அந்த இலக்கு செலினுடையது அல்ல. பெயரை எடுங்கள்." மேலாளர் போன் செய்தார்.

"போனவங்களப் பத்தி நல்லது சொல்லலாமேன்னுதான், மேடம்."

"உண்மையச் சொல்லியிருந்தா நல்லதாவே இருந்திருக்கும்" என்றேன்.

மேலாளரின் அந்த வாக்கியம் இன்னும் குழுவில் அப்படியே இருக்கிறது. உங்களில் பலர் அதற்குக் கைகூப்பியும் இருக்கிறீர்கள். செலினிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவள் எனக்குக் கொடுத்த அந்த வேலையை: "என் பேர எடுத்துருங்க மேடம்." அது முடியட்டும். பிறகு அழுதுகொள்கிறேன்.