நாற்பதாவது பல்

கார் இன்ஜினின் டைமிங் பெல்ட்டை மாட்டும்போது அந்த மெக்கானிக் அம்மா அதன் பற்களைக் கட்டைவிரல் நகத்தால் தொட்டுத் தொட்டுத்தான் எண்ணுவார். கண்ணை நம்பமாட்டார். "கண்ணு அவசரக்குடுக்கை. நகம்தான் நின்னு நிதானமா போகும்" என்பார். பெல்ட் சுற்றும் இரண்டு சக்கரங்களில், கீழே கிராங்க் சக்கரத்துக் குறியிலிருந்து மேலே கேம்ஷாஃப்ட் சக்கரத்துக் குறி வரை இரண்டு முறை எண்ணி முடித்ததும், டார்ச்சைக் கணவரிடம் நீட்டுவார். அவரும் அதே பட்டறையில் மெக்கானிக்தான். அவர் வந்து தனியாக எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகே பெல்ட் மூடியை மாட்டுவார்கள்.

தெருவில் அந்த அம்மாவுக்குப் பெயரே பல்லெண்ணி.

"பல்லு வலிச்சாலும் உங்ககிட்டயே வரலாமாக்கா?" என்று எதிர்க்கடைக்காரர் சீண்டுவார்.

"வாங்க, பெரிய ஸ்பானரா பாத்து எடுத்து வைக்கிறேன்."

ஒரு மாதமாக டார்ச் கைமாறவில்லை. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் பட்டறையில் பாதியைக் கொழுந்தனுக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்ட கணவரோடு அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு வண்டி. தான் எண்ணியதே போதும் என்று தானே மூடிகளை மாட்டினார்.

இன்று காலை வாடகைக் கார் ஓட்டுநர் வந்து நின்றார். மூன்று வாரத்துக்கு முன் இங்கே பெல்ட் மாற்றிய வண்டி. நின்ற இடத்தில் உதறியது. மேடு ஏறத் திணறியது. இன்ஜின் விளக்கு அணையவே இல்லை.

"ஆரம்பத்துலயே இங்க வந்திருக்கலாமே?" என்று அந்த அம்மா கேட்டார்.

"உங்க கை பட்ட இடத்துல தப்பு இருக்குமாக்கா? அதான் வேற ரெண்டு இடத்துல காட்டி சென்சார் மாத்திப் பாத்தேன்."

அந்த அம்மா மூடியைக் கழற்றினார். கீழ்ச்சக்கரத்தின் குறியை நேரே நிறுத்தினார். மேல்சக்கரத்தின் குறி விலகி நின்றது. பெல்ட் தொய்யவில்லை, ஒரு பல்கூடத் தேயவில்லை. ஓட்டத்தில் நழுவியதல்ல, மாட்டும்போதே அப்படித்தான் மாட்டப்பட்டிருந்தது. நகம் ஏறத் தொடங்கியது. நாற்பதில் முடிய வேண்டியது நாற்பத்தொன்றில் முடிந்தது. மறுபடியும் எண்ணினார். நாற்பத்தொன்று.

"பெல்ட்டே மட்டமான சரக்கோ என்னமோக்கா," என்று ஓட்டுநர் அவர் தப்பிக்க ஒரு வழி காட்டினார்.

"பெல்ட் மேல பழி போடாதீங்க தம்பி. ஒரு பல்லு தள்ளி மாட்டினது நான்தான். இன்னும் ரெண்டு பல்லு தள்ளிப் போயிருந்தா, சவாரி இருக்கும்போதே நடுரோட்டுல இன்ஜின் உடைஞ்சிருக்கும்."

பட்டறை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். கணவர் வேலை செய்துகொண்டிருந்த பக்கத்து வண்டிக்கடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

பெல்ட்டை இறக்கி, மேல்சக்கரத்தை ஒரு பல் திருப்பி, மீண்டும் ஏற்றினார். இன்ஜினைக் கையாலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்றினார். குறிகள் இரண்டும் நேரே வந்து நின்றன. எண்ணினார். நாற்பது. இன்னொரு முறை. நாற்பது.

ஓட்டுநர் மூடியை எடுத்து நீட்டினார். அந்த அம்மா வாங்கவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமல், எரிந்துகொண்டிருந்த டார்ச்சைப் பின்பக்கமாக, அந்தப் பக்கத்து வண்டியை நோக்கி நீட்டினார். நீட்டிய கையை மடக்கவே இல்லை.