மருந்துச் சீசாவில் வைத்த பொட்டு

நான் ஐந்தாவது வரை படித்தவன். தமிழ் வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

துறைமுகத்தில் கிரேனுக்கு கிரீஸ் போடும் வேலை. பவானிபூரில் ஓர் அறையும் சமையலறையும் வாடகைக்கு. தொண்ணூறுகளின் கடைசி. லாரியில் அடிபட்ட நாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பிராணிகள் காப்பகத்துக்குப் போனேன். அது பிழைக்கவில்லை. அங்கே கம்பவுண்டர் வேலை பார்த்தது ஒரு வங்காள அம்மா. எல்லோருக்கும் தீதி, அதாவது அக்கா. கூண்டில் தேறாத ஒன்றைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டார். சரி என்றேன். தேறினால் திருப்பிக் கொடுப்போம். அடுத்தது வரும்.

அந்த வருஷம் இரண்டு இருந்தன. ஒன்று கிழட்டுப் பூனை. நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். காலையில் பாதி மாத்திரை. அதை யாரும் விரட்டக் கூடாது, ஓடினால் மூச்சு நின்றுவிடும். இன்னொன்று வலிப்பு நாய். காலையில் ஒன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று, இட்லியில் பொதிந்து. விழுந்தால் தலை அடிபடாமல் இருக்கக் கட்டில் கால்களில் சாக்கு சுற்றியிருந்தேன். ஒருமுறை இரண்டு மணி நேரம் தாமதமாகி, விழுந்துவிட்டது. இரண்டு வீடுகள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன.

என் மனைவி பூனைக்குச் சோறு வைப்பாள். நாயைத் தொட மாட்டாள். சின்ன வயதில் வெறிநாய் கடித்து வயிற்றில் பதினாலு ஊசி போட்டவள். நுரை தள்ளும் நாயை அவளிடம் கொடு என்று எப்படிச் சொல்வது? நானே பார்த்துக்கொண்டேன்.

மாத்திரைகளைக் காப்பகத்தில் காகிதத்தில் மடித்து, மேலே இங்கிலீஷில் பேர் எழுதித் தருவார்கள். இரண்டும் வெள்ளை, இரண்டும் சின்னது. மாற்றிக் கொடுத்தால் செத்துவிடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். காலி ஹோமியோபதி சீசா இரண்டில் போட்டு வைத்தேன். நாயின் மூடியில் குங்குமப் பொட்டு. பூனையின் மூடியில் சந்தனப் பொட்டு. எழுதி வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

துறைமுகத்தில் மெஷின் பூஜை விஸ்வகர்மா நாளிலேயே முடிந்துவிடும். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை நவமியன்றுதான். அன்று காலை இரண்டுக்கும் மருந்து கொடுத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது பூஜைக்கு எல்லாம் தயார். கும்பிட்டேன். படத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு மருந்துப் பெட்டியைத் திறந்தேன். சீசா இல்லை.

“படத்துக்கு முன்னாடி இருக்கு பாருங்க” என்றாள்.

ஸ்பேனர், அரிவாள்மணை, கத்தரிக்கோல், நடுவில் இரண்டு சீசா. துடைத்துப் பளபளவென்று இருந்தன. இரண்டு மூடியிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

“இதுல எது நாய்க்கு?”

“பொட்டு அழிஞ்சு கெடந்துச்சு. தொடச்சுட்டுப் புதுசா வச்சேன்.” சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். “அடையாளமா அது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?”

சொல்லவில்லைதான்.

பூனையின் சீசாவில் உடைத்த பாதி கிடக்கும். தட்டிப் பார்த்தேன். இரண்டிலும் முழு மாத்திரைகள்தான். மிச்சப் பாதியை அன்று காலையில்தான் கொடுத்திருந்தேன்.

“ரெண்டுலயும் ஒண்ணொண்ணு குடுத்துட்டா?” என்றாள்.

“தெரியாதத வாயில போட முடியாது.”

தெருவில் துர்கா பூஜையின் டாக் மேளம். ஒவ்வோர் அடிக்கும் நாயின் காது துடித்தது. பூத்திலிருந்து காப்பகத்துக்கு போன் போட்டேன். மணி அடித்தது, எடுப்பாரில்லை. தீதியின் வீடு கரியாஹாட் பக்கம். ஒருமுறை மருந்து வாங்கப் போயிருக்கிறேன். வீட்டுக்கு வந்து இரண்டு சீசாவையும் எடுத்தேன்.

“நான் வர்ற வரைக்கும் கதவச் சாத்தி வை. விழுந்தா தலைக்கு அடியில ஏதாவது வை. வாயில கைய விடாத.”

அவள் சுவரை ஒட்டி நின்றாள்.

பஸ் ஓடவில்லை. ஹாஜ்ராவில் கயிறு கட்டி ஜனத்தை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் புதுத்துணியில் மெதுவாக நடந்தார்கள். நான் இரண்டு சீசாவையும் சட்டைப் பையில் போட்டு, கையால் மூடிக்கொண்டு இடித்துக்கொண்டு போனேன். திட்டினார்கள். ராஷ்பிஹாரி முனையைத் தாண்டவே அரை மணி நேரம் ஆனது.

தீதி அடுப்படியில் லுச்சிப் பூரி பொரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மூடிகளைப் பார்த்தார்.

“மருந்துக்கும் பூஜையா? உங்க சாமிக்கு என்ன, ஜுரமா?”

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். கையைத் துடைத்துவிட்டு, ஒரு மாத்திரையை நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார். அடுத்ததையும் அப்படியே.

“கசக்கிறதுதான் நாய்க்கு. இது. நீயும் நக்கிப் பார், மதராஸி, மறக்காது.”

பார்த்தேன். கசந்தது. மற்ற சீசாவின் பொட்டை அங்கேயே சட்டையில் துடைத்தேன்.

வீடு வரும்போது எட்டரை. கதவு உள்ளே தாழிட்டதுபோல் இருந்தது. தட்டினேன்.

“தள்ளித் தெறங்க, கொக்கி போடல. என்னால எந்திரிக்க முடியாது.”

தாழ் இல்லை, கதவுதான் இறுகியிருந்தது. தள்ளினேன்.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாயின் தலை அவள் மடியில். பட்டுப் புடவையின் முந்தானை முழுக்க நுரை. நாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பூனை அலமாரிக்கு மேலிருந்து பார்த்தது.

“ரெண்டு தடவ வந்துச்சு. மொத தடவ அந்தப் பக்கமே நின்னேன். தல தரையில டங்கு டங்குனு அடிச்சுது. அதுக்கு மேல நிக்க முடியல.”

“கடிச்சுதா?”

“அதுக்கு எங்க தெரியுது கடிக்க.”

நாய் கண்ணைத் திறந்து விழுங்கும் நிலைக்கு வரும்வரை காத்திருந்தோம். பிறகு காலை இட்லியைப் பிட்டு மாத்திரையை உள்ளே வைக்கப் போனேன். கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது.

“எங்கிட்ட குடுங்க” என்றாள். 

கொடுத்தேன். அவளே ஊட்டினாள். விழுங்கியது.